தீவிர வலதுசாரிக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன் என்று சொல்ல இப்போது ஏன் கூச்சமில்லை?

என் பழைய மாணவன் ஒருவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். போன வாரம் சத்துவாச்சாரிக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டான். பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது, அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவன் கேட்டது இது:

"சார், ஜெர்மனியிலிருந்து எங்களுக்கு ஒரு பையர் வருவார். 2014இலிருந்து பழக்கம். அப்போதெல்லாம் அவங்க ஊர் அரசியலைக் கேட்டால் சிரித்துவிட்டு லெதர் விலைக்குப் பேச்சை மாற்றிவிடுவார். இந்தத் தடவை பிரியாணி சாப்பிடும்போது, நாங்கள் கேட்காமலேயே, 'நான் ஏ.எஃப்.டி.க்குத்தான் ஓட்டுப் போட்டேன்' என்றார். குடியேற்றத்தை எதிர்க்கிற தீவிர வலதுசாரிக் கட்சி சார் அது. எந்த ஃபுட்பால் டீம் பிடிக்கும் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக. ஆள் மாறவில்லை சார். எங்களிடம் அதே மரியாதை, அதே பிரியம். அப்படியென்றால் எதுதான் மாறியது? தலைவர்கள் பேசுகிற பேச்சுதான் காரணம் என்கிறார்களே, உண்மையா?"

தம்பி, ஆள் மாறவில்லை என்றாயே, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். மாறியது அவர் மனசு அல்ல, அவர் குரலின் அளவு என்றுதான் நானும் நினைக்கிறேன். பேச்சுதான் காரணம் என்பதும் சரி. ஆனால் யாருடைய பேச்சு என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தப்பான பக்கம் கை காட்டுகிறார்கள்.

ஏ.எஃப்.டி.க்கு ஓட்டுப் போட ஜெர்மனியில் எந்தக் காலத்திலும் சட்டத் தடை இருந்ததில்லை. ஓட்டு ரகசியம். யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. இருந்தும் உன் பையர் அன்று வாயைத் திறக்கவில்லை. 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று நாம் சொல்வோமே, அதுதான். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர், மச்சினன், பிள்ளையின் வாத்தியார், சாயங்காலம் பீர் குடிக்கக் கூடுகிற சிநேகிதர்கள், இவர்கள்தான் அந்த நாலு பேர். ஜெர்மனியில் அவர்களுக்குப் பின்னால் 1933 முதல் 1945 வரை ஹிட்லரின் நாஜி ஆட்சி நடந்த பன்னிரண்டு வருடங்கள் நிற்கின்றன. 'நீயுமா அந்தப் பக்கம்?' என்று யாராவது ஒரு பார்வை பார்த்தால் போதும், மனிதர் கூசிப்போவார். களங்கம் என்று ஆய்வாளர்கள் சொல்வது இந்தப் பார்வையைத்தான்.

ஜெர்மன் ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நோய்மன் 1974இல் இதற்கு 'மௌனச் சுழல்' என்று பெயர் வைத்தார். தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவன் வாயை மூடிக்கொள்கிறான், அவன் மூடிக்கொள்வதால் அந்தக் கருத்து இன்னும் சிறுத்துத் தெரிகிறது, அதைப் பார்த்து அடுத்தவனும் மூடிக்கொள்கிறான். (இந்த அம்மையாரே நாஜி காலத்தில் 'தாஸ் ரைஷ்' என்ற ஆட்சிப் பத்திரிகையில் எழுதியவர். மௌனத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை.) இந்தச் சுழல் எதிர்ப்பக்கமாகவும் சுற்றும். நாலு பேர் வாயைத் திறந்தால் ஐந்தாமவனுக்குத் தைரியம் வரும்.

கூச்சத்தை எப்படி அளப்பது என்று கேட்பாய். பிரான்ஸில் கருத்துக்கணிப்பு நடத்துகிறவர்கள் பல வருடம் ஒரு காரியம் செய்துவந்தார்கள். அங்கே தீவிர வலதுசாரியான லெ பென் கட்சிக்குப் போடுவேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களின் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள மாட்டார்கள், மேலே கொஞ்சம் ஏற்றிப் போடுவார்கள். அந்த ஏற்றம் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தவர்களுக்காக. அப்படி ஏற்றியும் 2002 ஏப்ரலில் ஏமாந்தார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் ழான் மரி லெ பென் 16.9 சதவீதம் வாங்கி, பிரதமராக இருந்த ஜோஸ்பனை வெளியே தள்ளினார். இன்றைக்கு அந்த ஏற்றம் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. கேட்டால் சொல்லிவிடுகிறார்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம். முதலில் அந்தக் கட்சிகளின் சொந்தப் பேச்சு.

1972இல் தேசிய முன்னணியைத் தொடங்கிய அப்பா லெ பென்னுக்குக் களங்கம் ஒரு மூலதனம் மாதிரி. 'பிரெஞ்சுக்காரர்கள் மனசுக்குள் நினைப்பதை லெ பென் உரக்கச் சொல்கிறார்' என்பது அவருடைய கோஷம். 1987இல் ஒரு வானொலிப் பேட்டியில், யூதர்களைக் கொன்ற நச்சுவாயு அறைகள் உலகப் போர் வரலாற்றில் ஒரு 'சில்லறை விவரம்' என்றார். ஒரு பகுதி ஆட்கள் கைதட்டினார்கள். மற்ற எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவு கடைசிவரை அவருக்குத் திறக்கவில்லை. 2002 இரண்டாம் சுற்றில் எதிரே நின்ற ஷிராக் அவரோடு தொலைக்காட்சி விவாதத்துக்கே வர மறுத்தார். லெ பென் 82.2க்கு 17.8 என்று தோற்றார்.

2011இல் மகள் மரீன் கட்சியைக் கையில் எடுத்தார். அவர் செய்ததற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு, நம் மொழியில் சொன்னால் 'பேய் ஓட்டுவது'. கட்சியின் மேல் இருந்த பேய்ப் பட்டத்தை இறக்குகிற வேலை. யூதர்களைப் பற்றிய பேச்சுக்குத் தடை. அப்பா 2015இல் 'சில்லறை விவரம்' பேச்சை மறுபடி எடுத்தபோது அவரையே கட்சியை விட்டு நீக்கினார். 2018இல் பெயரை மாற்றினார். குடியேற்றத்தைப் பற்றிய கொள்கையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை, ஆனால் அதைச் சொல்லும் வார்த்தைகள் மாறின. 'இனம்' போய் 'மதச்சார்பின்மை' வந்தது, 'அந்நியர்' போய் 'வாங்கும் சக்தி' வந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 2017இல் 33.9 சதவீதம், 2022இல் 41.5 சதவீதம். இந்த மாதிரிக் கட்சிகளின் மேலிருந்த களங்கம் ஆண்களைவிடப் பெண்களை அதிகம் தடுத்துவந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மரீன் வந்த பிறகு பிரான்ஸில் அந்த ஆண்-பெண் இடைவெளி ஏறக்குறைய மறைந்தேபோனது.

அவருக்கு இன்னொரு உதவியும் தானாக வந்து சேர்ந்தது. 2022 தேர்தலில் எரிக் செமூர் என்ற பத்திரிகையாளர் அவரைவிடக் காட்டமாகப் பேசிக்கொண்டு நின்றார். 7 சதவீதம் வாங்கினார். அவர் பக்கத்தில் நின்றதால் மரீன் சாந்தமாகத் தெரிந்தார். 2024 மே மாதம் ஏ.எஃப்.டி. வேட்பாளர் மாக்ஸிமிலியன் கிரா, ஹிட்லரின் எஸ்.எஸ். படைக்காரர்கள் எல்லோருமே குற்றவாளிகள் அல்ல என்று ஒரு பேட்டியில் சொன்னபோது, 'இவர்களோடு எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று முதலில் விலகியது மரீனின் கட்சிதான். மேலே சேறு பட்டவன், தன்னைவிட அதிகம் சேறு பட்டவனைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொடுக்கிற தந்திரம். நம் பஞ்சாயத்துகளில் பார்க்காததா?

ஸ்வீடனும் இதே பாதை, இன்னும் மெதுவாக. ஸ்வீடன் ஜனநாயகர்கள் கட்சி 1988இல் தொடங்கியபோது அதில் நாஜி அனுதாபிகள் வெளிப்படையாகவே இருந்தார்கள். தொண்ணூறுகளில் கூட்டங்களுக்குச் சீருடையில் வராதே என்றார்கள். 2006இல் சின்னத்தை மாற்றினார்கள், எரிகிற தீப்பந்தம் போய் நீலப் பூ ஒன்று வந்தது. 2010இல் 5.7 சதவீதத்தோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். 2022இல் 20.5 சதவீதம், இரண்டாவது பெரிய கட்சி.

இதையெல்லாம் பார்த்து, 'வாயைக் கழுவிக்கொண்டார்கள், களங்கம் போய்விட்டது' என்று முடித்துவிடலாம். பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேதான் முடிகின்றன. அப்படியானால் உன் பையரின் கட்சிக்கு என்ன கணக்கு? ஏ.எஃப்.டி. போனது நேர் எதிர்ப் பாதையில்.

2013இல் அது பிறந்தபோது முன்னால் நின்றவர் பெர்ன்ட் லூக்கே என்ற பொருளாதாரப் பேராசிரியர். கிரேக்கத்துக்குக் கடன் கொடுக்காதே, யூரோ வேண்டாம் என்பதுதான் பேச்சு. பத்திரிகைகள் அதைப் 'பேராசிரியர்கள் கட்சி' என்றன. அந்த வருடம் 4.7 சதவீதம். 2015இல் லூக்கே வெளியேறினார், பேச்சு குடியேற்றத்தின் பக்கம் திரும்பியது. 2018இல் கட்சித் தலைவர் கௌலாந்து, ஆயிரம் வருட ஜெர்மன் வரலாற்றில் ஹிட்லர் காலம் வெறும் 'பறவை எச்சம்' என்றார். பேச்சு கறுக்கக் கறுக்க ஓட்டு 2017இல் 12.6, 2021இல் 10.3, 2025 பிப்ரவரியில் 20.8 சதவீதம். வாயைக் கழுவாமலேயே இரண்டாம் இடம்.

பிறந்த வீடும் இதில் சேர்த்தி. நார்வேயின் முன்னேற்றக் கட்சி 1973இல் வரி எதிர்ப்பில் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் மக்கள் கட்சி பழைய விவசாயிகள் கட்சி. நார்வே ஆய்வாளர் எலிசபெத் இவர்ஸ்ஃப்ளாட்டன் இதைப் பெயருக்கு ஒரு கேடயம் என்கிறார். குடியேற்றத்தை எதிர்க்கும் ஒரு கட்சிக்கு வேறொரு கௌரவமான பூர்வீகம் இருந்தால், ஓட்டுப் போடுகிறவன் தன்னைத்தானே 'நான் இனவெறியன் இல்லை, வரிக்காகப் போட்டேன்' என்று சமாதானப்படுத்திக்கொள்ள முடியும். ஏ.எஃப்.டி.க்கு அந்தப் பேராசிரியர் காலம் ஒரு கேடயம். உன் பையர் ஆரம்பத்திலேயே அங்கே போயிருந்தால் யூரோவுக்காகப் போயிருக்கலாம். அப்புறம் கட்சி நகர நகர அவரும் நகர்ந்திருக்கலாம்.

ஆனாலும் கேடயம் பாதிதான் விளக்குகிறது. மீதிக்கு வேறு ஒருவரைப் பார்க்க வேண்டும். அது விளங்க நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன்.

என் இளவயதில் குடியாத்தம் பக்கம் சாராயக் கடைக்குப் போகிறவர் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டுதான் போவார். எதிரில் தெரிந்தவர் வந்தால் செருப்பு வார் அறுந்தது மாதிரி குனிந்துவிடுவார். குடித்தவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. ஆனால் 'நான் குடிப்பேன்' என்று பகலில் சொன்னவர் கிடையாது. 2003 நவம்பரில் அரசாங்கத்தின் டாஸ்மாக் சில்லறைக் கடைகளையே கையில் எடுத்தது. கோட்டை முத்திரை போட்ட நிர்வாகம், மாதச் சம்பளம் வாங்கும் விற்பனையாளர், தீபாவளி விற்பனை இத்தனை கோடி என்று பேப்பரில் செய்தி. முக்காடு போயே போய்விட்டது. இதில் குடிகாரர்கள் நல்ல வார்த்தை பேசி நம் மனசை மாற்றிவிட்டார்களா? கள்ளச்சாராயம் விற்றவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டானா? கடைக்கு அரசாங்கப் பலகை மாட்டப்பட்டது, அவ்வளவுதான். மரியாதைக்குரிய இடத்திலிருந்து ஒரு பலகை வந்ததும் வெட்கத்துக்கு வேலை இல்லாமல் போனது.

ஐரோப்பாவில் அந்தப் பலகையை மாட்டியவர்கள் பெரிய, பழைய, மரியாதையான கட்சிகள்.

பிரான்ஸில் வலதுசாரி சர்கோசி 2007இல் குடியேற்றம், தேசிய அடையாளம் என்று அப்படியே லெ பென்னின் சரக்கை எடுத்துப் பேசினார். ஜெயித்ததும் 'குடியேற்றம் மற்றும் தேசிய அடையாளம்' என்றே ஒரு அமைச்சகம் வைத்தார். அந்தத் தேர்தலில் அப்பா லெ பென் 10.4 சதவீதத்துக்கு இறங்கினார். பார்த்தாயா, மருந்து வேலை செய்கிறது என்றார்கள். ஐந்தே வருடத்தில் மகள் 17.9 சதவீதம். நடுவில் என்ன ஆயிற்று? ஐந்து வருடம் குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்தே அந்தப் பேச்சு வந்தது. அப்புறம் அது தீண்டத்தகாத பேச்சாக எப்படி இருக்க முடியும்? 'அசல் இருக்கும்போது நகலை ஏன் வாங்குவார்கள்' என்று அப்பா லெ பென் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த ஒரு விஷயத்தில் கிழவரின் கணக்கு சரிதான்.

இதைவிடச் சுவையான காட்சி 2021 பிப்ரவரியில் நடந்தது. மக்ரோனின் உள்துறை அமைச்சர் தர்மனன் தொலைக்காட்சி விவாதத்தில் மரீன் எதிரே உட்கார்ந்து, இஸ்லாமியவாதத்தின் விஷயத்தில் 'நீங்கள் ரொம்ப மென்மை' என்று அவரையே இடித்துரைத்தார். மரீனுக்கு அன்று கிடைத்த மாதிரி ஒரு விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பேய் பேய் என்று நாற்பது வருடம் சொல்லிவந்தவர்கள் இப்போது, 'இந்தப் பேய்க்குப் பல் போதாது' என்கிறார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி வைத்திருந்தவரே அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் காப்பி குடித்த மாதிரி.

ஸ்வீடனில் மிதவாதக் கட்சித் தலைவர் கிறிஸ்டர்சன், 2018 தேர்தலுக்கு முன் நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பி வந்த ஒரு மூதாட்டியிடம், ஸ்வீடன் ஜனநாயகர்கள் கட்சியோடு சேர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். 2019 டிசம்பரில் அதன் தலைவர் ஓக்கெசனோடு உட்கார்ந்து பேசினார். 2022இல் அவர்கள் ஆதரவில் பிரதமரானார். இத்தாலியில் இது இன்னும் பழசு. முசோலினி கட்சியின் வாரிசுகளில் ஒருவரான ஃபினி 1993இல் ரோம் மேயருக்கு நின்றபோது, 'நான் ரோமில் இருந்தால் அவருக்குத்தான் போடுவேன்' என்று பின்னால் பிரதமரான தொழிலதிபர் பெர்லுஸ்கோனி ஒரு வார்த்தை சொன்னார். மறு வருடமே கூட்டணி, அமைச்சர் பதவிகள். அந்த மரபில் வளர்ந்த மெலோனி 2022இல் பிரதமர்.

நெதர்லாந்தில் எண்பதுகளில் ஹான்ஸ் யான்மாட் என்ற தீவிர வலதுசாரி உறுப்பினர் பேச எழுந்தால் மற்ற உறுப்பினர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அவையில் அவரைக் கடைசிவரை ஒதுக்கியே வைத்தார்கள். 2023 தேர்தலுக்கு முன்னால் ஆளும் வலதுசாரிக் கட்சியின் புதிய தலைவி, இன்றைய தீவிர வலதுசாரித் தலைவர் வில்டர்ஸோடு கூட்டணியே கிடையாது என்ற பழைய உறுதியைத் தளர்த்தினார். வில்டர்ஸும் பேச்சைக் கொஞ்சம் தணித்தார். அவருக்குப் போட்டால் ஓட்டு வீண் என்ற எண்ணம் போனது. 150 இடத்தில் 37 பிடித்து முதலிடம் வந்தார்.

ஜெர்மனியில் இதற்குத் 'தீத்தடுப்புச் சுவர்' என்று பெயர். ஏ.எஃப்.டி.யோடு எந்தச் சேர்மானமும் இல்லை என்று மற்றக் கட்சிகள் கட்டிய சுவர். 2020 பிப்ரவரி 5 அன்று துரிங்கியா மாநிலத்தில் தாராளவாதக் கட்சியின் கெம்மெரிக் ஏ.எஃப்.டி. ஓட்டையும் வாங்கி முதல்வரானார். இடதுசாரித் தலைவி வாழ்த்துச் சொல்ல வைத்திருந்த பூங்கொத்தை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனார். தென்னாப்பிரிக்கப் பயணத்தில் இருந்த அன்றைய ஜெர்மன் ஆட்சித் தலைவி மெர்கல் அங்கிருந்தே 'மன்னிக்க முடியாதது' என்றார். மறுநாளே கெம்மெரிக் பதவி விலகுவதாக அறிவித்தார். இதற்கு உதவியாக நின்றது மெர்கலின் சொந்தக் கட்சிக்காரர்கள் என்பதைக் கவனி. தன் ஆட்களையே அவர் கடிந்துகொண்டதால்தான் அந்தச் சொல்லுக்குக் கனம். ஐந்து வருடம் கழித்து, 2025 ஜனவரி 29 அன்று, அதே கட்சியின் மெர்ஸ் குடியேற்றத்தைப் பற்றிய ஒரு தீர்மானத்தை ஏ.எஃப்.டி. ஓட்டோடு 348க்கு 344 என்று நிறைவேற்றினார். மெர்கல் இந்தத் தடவையும் தவறு என்றார், ஆனால் அவர் அப்போது ஓய்வுபெற்ற தலைவி. தெருவில் பெரிய போராட்டங்கள் நடந்தன. உன் பையர் மாதிரி ஆட்களுக்கு அன்று என்ன கேட்டிருக்கும்? 'நாங்கள் சொன்னதைத்தான் இப்போது அவர்களும் சொல்கிறார்கள்.' நாலு வாரத்தில் தேர்தல் வந்தது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. வலெண்டிம், டினாஸ், சிப்லாட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஜெர்மனியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிறுபான்மையரை ஒதுக்கும் ஒரே மாதிரிப் பேச்சைச் சிலருக்குத் தீவிர வலதுசாரி அரசியல்வாதி சொன்னதாகவும், சிலருக்குப் பெரிய கட்சி அரசியல்வாதி சொன்னதாகவும் காட்டினார்கள். 'இப்படிப் பேசக்கூடாது' என்ற நெறியைக் கரைத்தது பெரிய கட்சிக்காரரின் வாய்தான். தீவிரக் கட்சிக்காரர் சொன்னால் 'அவன் அப்படித்தான் பேசுவான்' என்று ஜனம் தள்ளிவிடுகிறது. வலெண்டிம் தனியாகச் செய்த ஆய்வு ஒன்று, இந்தக் கட்சிகள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பிறகு ஜனங்கள் தங்கள் ஆதரவை வெளியே சொல்வது கூடுகிறது என்று காட்டுகிறது. அவர் கருத்துப்படி இந்த எண்ணங்கள் முன்பே பலரிடம் இருந்தன, வெளியே தெரியாததால் அரசியல்வாதிகள்தான் அதைக் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் 2016இல் இன்னொன்று. ட்ரம்ப் ஆதரவு அதிகமுள்ள எட்டு மாநிலங்களில், குடியேற்ற எதிர்ப்பு அமைப்பு ஒன்றுக்கு நன்கொடை கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். பாதிப் பேருக்கு விஷயம் ரகசியமாக இருக்கும் என்றும், மீதிப் பேருக்கு வெளியே தெரியலாம் என்றும் சொன்னார்கள். வெளியே தெரியும் என்றால் சம்மதம் கணிசமாகக் குறைந்தது. ஆனால் 'உங்கள் மாநிலத்தில் ட்ரம்ப் ஜெயிப்பது உறுதி' என்று முதலிலேயே சொன்னவர்களிடம் அந்த வித்தியாசம் மறைந்தது. ரகசியமாகக் கொடுப்போர் கூடவில்லை, வெளிப்படையாகக் கொடுப்போர்தான் கூடினார்கள். ஆம்பூர் மேசையில் நீ பார்த்ததும் இதுதான் தம்பி.

இனி, எதிர்க்கிறவர்கள் திட்டுவது. அது உதவுமா? சில நேரம் உதவுகிறது, பல நேரம் கெடுக்கிறது. ஆஸ்திரியாவில் தீவிர வலதுசாரித் தலைவர் ஹைதர் 1994இல் ஒரு போஸ்டர் ஒட்டினார்: 'அவர்கள் அவனை எதிர்க்கிறார்கள், ஏனென்றால் அவன் உங்களுக்காக நிற்கிறான்.' எதிரியின் வசவை எரிபொருளாக்கும் வித்தை அந்த ஒரு வரியில் முழுசாக இருக்கிறது. 2000இல் அவர் கட்சி கூட்டணி ஆட்சிக்கு வந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற 14 நாடுகளும் ஆஸ்திரியாவோடு உறவைச் சுருக்கின. ஆஸ்திரியர்களுக்கு ஹைதர் மேல் வர வேண்டிய கோபம் வெளிநாட்டுக்காரன் மேல் போனது. நம் வீட்டுப் பிள்ளையைப் பக்கத்துத் தெருக்காரன் வந்து அடித்தால் நாம் யார் பக்கம் போவோம்? செப்டம்பரிலேயே தடையை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் 2002இல் கட்சி 10 சதவீதத்துக்கு விழுந்தது உள்சண்டையால்தான். 2024இல் அதே கட்சி 28.8 சதவீதத்தோடு முதலிடம்.

இன்னும் மோசமான தப்பு, தலைவரை விட்டுவிட்டு ஓட்டுப் போடுகிறவரைத் திட்டுவது. ஹிலாரி கிளிண்டன் 2016இல் ட்ரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை 'வெறுக்கத்தக்கவர்களின் கூடை' என்றார். அடுத்த வாரமே அந்தச் சொல்லைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தனியாகக் கூனிக் குறுகி இருந்தவர்களுக்கு ஒரு கொடியும் ஒரு கூட்டமும் கிடைத்துவிட்டது. ஒருவனைப் பார்த்து 'சேச்சே, நீயா?' என்று கேட்டால் கூசுவான். 'நீங்களெல்லாம் இப்படித்தான்' என்றால் கூசமாட்டான், சீறுவான்.

டென்மார்க் என் வாதத்துக்கு ஒத்துவராத ஊர், அதையும் சொல்லிவிட வேண்டும். 1999இல் பிரதமர் நூருப் ராஸ்முசன் அவையிலேயே, குடியேற்றத்தை எதிர்க்கும் டேனிஷ் மக்கள் கட்சியைப் பார்த்து, வீட்டுக்குள் விடப் பழக்கிய நாய்க்குச் சொல்லும் ஒரு சொல்லைப் போட்டு, நீங்கள் ஒருநாளும் அப்படி ஆக மாட்டீர்கள் என்றார். திண்ணையோடு சரி, நடுவீட்டுக்கு வர முடியாது என்கிற மாதிரி. இரண்டே வருடத்தில் அவர் ஆட்சி போய், அந்தக் கட்சியின் ஆதரவில் அடுத்த ஆட்சி வந்தது. 2015இல் அது 21.1 சதவீதம். பிறகு ராஸ்முசனின் சொந்தக் கட்சியான சமூக ஜனநாயகர்கள் குடியேற்றத்தில் கடுமையான கொள்கையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். டேனிஷ் மக்கள் கட்சி 2019இல் 8.7, 2022இல் 2.6 என்று கரைந்தது. 'பார், சரக்கை எடுத்துக்கொண்டால் கடை மூடிவிடும்' என்று ஐரோப்பா முழுக்க இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஓட்டில் ஒரு பங்கு அதே பேச்சுப் பேசும் புதிய கட்சிகளுக்குப் போனது. கட்சி சுருங்கியது, பேச்சு நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டது. கட்சியை ஒழிப்பதுதான் நோக்கம் என்றால் வெற்றி. பல நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் அந்த வெற்றியைக்கூடக் காட்டவில்லை.

நேர்மாறான ஊர் பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழிப் பகுதி. அங்கே தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே ஒலி, ஒளி ஊடகங்கள் தீவிர வலதுசாரிகளுக்கு நேரலையில் மைக் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கின்றன. அவர்களைப் பற்றிச் செய்தி போடுவார்கள், ஆனால் கட்டுப்பாடில்லாமல் பேச விடமாட்டார்கள். அங்கே அப்படிப்பட்ட கட்சி எதுவும் நிலைத்து வளர முடியவில்லை. அதே நாட்டின் ஃபிளெமிஷ் பகுதியில் கட்சிகளுக்கிடையே தடுப்பு வளையம் இருந்தது, ஊடகத்தில் இல்லை. அங்கே 2004இல் இனவெறிக்காக நீதிமன்றம் தண்டித்த கட்சி பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது, நடுவில் சரிந்தாலும் மறுபடி வளர்ந்தது. மைக் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நல்ல தலைவர் யாரும் அங்கே கிடைக்கவில்லை என்பதும் உண்டு.

சுவர் இன்னும் வேலை செய்கிற இடங்களும் இருக்கின்றன. 2024 ஜூன் 30 அன்று பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் மரீன் கட்சி முதலிடம். இரண்டாம் சுற்றுக்கு முன் இடதும் மையமுமாக 200க்கு மேற்பட்ட வேட்பாளர்கள், ஓட்டுப் பிரியக் கூடாது என்று விலகிக்கொண்டார்கள். மரீன் அணி மூன்றாம் இடத்துக்குப் போனது. களங்கம் முழுசாகத் தேய்ந்திருந்தால் அந்த வாக்காளர்கள் பிடிக்காத இன்னொரு கட்சிக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

இதை நம் ஊர்க் கட்சிகளுக்குப் பொருத்திக் கேட்பாய் என்று தெரியும். அப்படியே பொருத்த முடியாது. அங்கே களங்கத்தின் வேர் 1945. நமக்கு வெட்கம் வேறு இடங்களிலிருந்து வருகிறது. ஆனால் வெட்கம் எப்படிப் போகிறது என்பது எங்கும் ஒன்றுதான். பண விவகாரத்தால் 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்து ஆகஸ்ட் 5இல் வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். ஓட்டுக்குக் காசு என்பது ராத்திரியில் கதவிடுக்கில் வந்த காலம் எனக்குத் தெரியும். இப்போது பகலிலேயே 'எங்க தெருவுக்கு இன்னும் வரலையே' என்று கேட்கிறார்கள். அந்த மாற்றத்தில் பெரிய மனிதர்களின் பங்கு எவ்வளவு என்று நீயே கணக்குப் போடு.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டாய், பதில் சொல்ல விட்டுப்போனது. 'அடுத்த தடவை அவர் வந்து இதே பேச்சை எடுத்தால் நான் என்ன செய்வது?' ஆர்டர் வாங்குகிற இடத்தில் வாதம் செய்யாதே. திட்டவும் திட்டாதே, அது என்ன செய்யும் என்று மேலே எழுதிவிட்டேன். கத்திரிக்காயை இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டு, 'இதை உங்கள் ஊரில் முதன்முதலாக யாரிடம், எப்போது வாய்விட்டுச் சொன்னீர்கள்?' என்று மட்டும் கேள். மனைவியிடமா, ஆபீஸிலா, என்ன நடந்த பிறகு? பதிலில் ஏ.எஃப்.டி. தலைவர் பெயர் முதலில் வருகிறதா, இல்லை மெர்ஸ் மாதிரி ஒருவர் பெயர் வருகிறதா என்று பார்த்து எனக்கு எழுது. நான் சொன்னது தப்பென்றால் அதுவும் எனக்குத் தெரிய வேண்டும்.